தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளையும் விசா கேட்ட தாயும்

விசா நேர்காணலுக்குப் போகிறவர்களுக்குப் பதிலை மனப்பாடம் பண்ணிக் கொடுக்காதீர்கள் என்று போன வாரம் சொன்னேன். நீங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். வீட்டில் சும்மா இருக்கும் கிழவி, வாய் நமநமத்துப் போய் வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் குறைந்துவிடாது. ஆனால் ஏன் சொன்னேன் என்பதைக் கேட்டுவிட்டு நினையுங்கள்.

இப்போது நீங்கள் கண்ணாடிக் கதவு போட்டு விசா அலுவலகம் நடத்தும் இந்த அறையில் முன்பு பதினாறு தட்டச்சு இயந்திரங்கள் இருந்தன. கோவில்பட்டியில் பாதிப் பேர் என்னை இன்னமும் டீச்சர் என்று கூப்பிடுவது அதனால்தான். தட்டச்சு படுத்துப்போன பிறகு, வெளிநாட்டு விண்ணப்பம் எழுதுகிற வேலைக்கு மாறினேன். அதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரே ஒரு விதியைத்தான் வைத்திருந்தார். தாளில் இருப்பதை எழுது, தாளில் இல்லாததைக் கேட்காதே. கேட்டால் குடும்பக் கதை வரும், கதை வந்தால் குழப்பம் வரும் என்பார்.

நம் கரிசல் காட்டுத் தாள்களைப் பார்த்தவர்களுக்கு அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரியும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எல்லாப் பிள்ளைக்கும் வைகாசி ஆனியில் ஒரு பிறந்தநாளைப் போட்டுவிடுவார். அப்படித்தான் ஒரு வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஏழே வாரம் இடைவெளி வந்தது. அவர்கள் அம்மாவிடம் இதைக் காட்டியபோது, அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது. அதையெல்லாம் சமாளித்துவிடலாம். நான் சொல்லப்போவது அப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறு இல்லை. அதைச் செய்தவளும் நான்தான்.

நாகலாபுரத்துப் பையன் பிச்சைமுத்து. நர்சிங் முடித்துவிட்டு வளைகுடாவில் இருந்தவன், குவாம் என்கிற தீவில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்து என்னிடம் வந்தான். அந்தத் தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம். ஆனால் அமெரிக்காக்காரர்களுக்கே அது கண்காணாத தேசம், நடுக்கடலில் கிடக்கிறது. அங்கே குடியேறுவதற்கான விண்ணப்பத்தை நான்தான் அடித்தேன். பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, தாயார் பெயர் சீனியம்மாள் என்று சத்தமாக வாசித்தேன். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு, “அப்படியே இருக்கட்டும் டீச்சர்” என்றான்.

அந்த வாய் திறந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் கேட்கவில்லை. எனக்கு விதி இருந்தது, வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள், அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

வருஷங்கள் ஓடின. அவன் அந்த நாட்டுக் குடிமகன் ஆனான். இங்கே அவன் அப்பா இறந்துபோனார். அம்மா தனியாளாக உளுந்துக் காட்டுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் காட்டில் மயங்கி விழுந்தவள், ஆடு மேய்க்க வந்தவர்கள் பார்க்கும்வரை வெயிலில் கிடந்திருக்கிறாள். அதைக் கேட்டதும் பிச்சைமுத்து அம்மாவைத் தன்னோடு குடிவைத்துக்கொள்ள அங்கிருந்தபடியே விண்ணப்பம் போட்டுவிட்டான். குடிமகன் தன் தாயைக் கூப்பிட்டுக்கொள்வது நம் தொழிலிலேயே எளிதான வேலை. பல மாதம் கழித்து அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. அதை எனக்கு அனுப்பிவிட்டுப் போனில் கூப்பிட்டான்.

கடிதத்தில் இருந்தது இதுதான். உங்கள் பிறப்புச் சான்றிதழில் தாய் என்று ஒருவர் இருக்கிறார். நீங்கள் குடியேற வந்தபோது கொடுத்த விண்ணப்பத்திலும் அவரேதான் தாய். இப்போது இன்னொரு பெண்ணைத் தாய் என்கிறீர்கள். விளக்கம் தேவை.

“சீனியம்மாள் யாருப்பா?” என்றேன்.

“பக்கத்து வீட்டு அம்மா டீச்சர்.”

அம்மாவுக்கு விசா கிடைக்காமல் போவது ஒரு பக்கம். முதல் விண்ணப்பத்திலேயே தாயைப் பற்றிப் பொய் சொன்னான் என்று அவர்கள் முடிவு கட்டினால், அவனுடைய குடியுரிமைக்கே வேட்டு. அந்தப் பெயரை அடித்தது என் பத்து விரல்.

இந்த மாதிரி நேரத்தில் வழி சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? சரியான பெயர் போட்டுப் புதுச் சான்றிதழ் ஒன்று வாங்கிவிடலாம் என்று ஒருவர் வந்து நின்றார். ஒரு மனுஷனுக்கு இரண்டு பிறப்பு இருக்க முடியாது, நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி என்று அனுப்பிவிட்டேன். இதில் மட்டும் நான் ஒரு நாளும் தடுமாறியதில்லை. உண்மையான தாள் எவ்வளவு கோணலாக இருந்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பொய்த் தாளுக்குக் காரணம் நாம்தான்.

மறுநாள் நாகலாபுரம் பஸ் பிடித்தேன்.

அம்மா சண்முகத்தாய்க்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஒல்லி உடம்பு, யாரையும் நேராகப் பார்க்காத கண். சீனியம்மாள் அவளுக்கு நேர் எதிர். ஏழு பிள்ளை பெற்று ஏழையும் வளர்த்தவள், பேச்சில் ஊரையே தூக்கி நிறுத்துவாள். கதையை அவள்தான் சொன்னாள். சண்முகத்தாய் முற்றத்தில் நின்று வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

சண்முகத்தாய்க்கு முதல் மூன்று பிள்ளையும் தங்கவில்லை. ஒன்று பதினோரு நாள், ஒன்று நாற்பது நாள், ஒன்று தவழ்கிறவரைக்கும். நாலாவது பிறந்ததும் நம் பக்கத்து வழக்கப்படி பிள்ளையை நெல் புடைக்கிற சுளகில் போட்டு வாசலில் வைத்தார்கள். பிள்ளைகள் பிழைத்த வீட்டுக்காரி என்று சீனியம்மாள் வந்து, ஒரு நாழி தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் அதே வாசலில் பெற்றவள் கையில் பிள்ளையைக் கொடுத்து, “எம் பிள்ளைய வளத்துக் குடு தாயி” என்றாள். பெற்றவளிடம் இனிப் பிள்ளையே இல்லை, எமன் வந்தாலும் அடுத்த வீட்டுக்காரி பிள்ளை என்று திரும்பிப் போய்விடுவான் என்று கணக்கு. உங்களில் இரண்டு பேர் வீட்டிலாவது பிச்சை என்றோ குப்பை என்றோ பேர் வைத்த ஆள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

பிறப்பைப் பதியப் போன அப்பா அங்கேயும் அதைக் காப்பாற்றினார். தாய் பெயர் சீனியம்மாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அரசாங்க நோட்டில் பார்த்தால் எமனுக்குத் தெரிந்துவிடுமோ என்கிற பயம்தான், வேறென்ன?

பிள்ளைக்குக் கழுகுமலையில் முடியெடுத்துக் காது குத்தும்போது தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் முறை. சண்முகத்தாய் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளினாள். காது குத்தினார்கள், தவிடு மட்டும் திரும்பவில்லை. பால் கொடுத்தவள், குளிப்பாட்டியவள், காய்ச்சலுக்குத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் எல்லாம் அவள்தான். ஆனால் அவன் அவளைச் சித்தி என்றே கூப்பிட்டான். அவளும் யார் கேட்டாலும், “சீனியம்மா மவன்” என்றே சொன்னாள். முப்பத்தேழு வருஷம்.

டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் நேர்காணலில் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். அங்கே போய் இவள், “சீனியம்மா மவன்” என்று சொன்னால், பழைய விண்ணப்பமும் அதே பெயர், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பையன் தலையில் விழும். அதனால் பரிசோதனை, நேர்காணல் இரண்டையும் அவளுக்கு விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்.

“எச்சி எடுத்துக்கிடட்டும் டீச்சர். வாயால சொல்லச் சொல்லாதிய.”

எச்சில் எடுத்தார்கள். அவன் எச்சில் குவாமில், அவள் எச்சில் இங்கே. தாயும் பிள்ளையும்தான் என்று வந்தது. விண்ணப்பம் நகர்ந்து, மும்பையில் நேர்காணலுக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

அங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். அவளை இந்த அறையில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். நான் அதிகாரி, அவள் விண்ணப்பதாரர். பெயர், ஊர், வயது எல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி சொல்வாள். பிச்சைமுத்து உங்களுக்கு என்ன வேண்டும் என்றால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் சீனியம்மா மவன். இருபது தடவை கேட்டேன். இருபத்தோராவது தடவை எனக்குப் பொறுமை போய், மேசையைத் தட்டிக் கத்திவிட்டேன். பெற்ற பிள்ளையைப் பிள்ளை என்று சொல்ல என்ன கேடு, உங்கள் வாயால் அவன் பிழைப்பைக் கெடுக்கப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டேன்.

அவள் அழவில்லை. என் முகத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

“மூணையும் எம் புள்ள, எம் புள்ளன்னுதான் கொஞ்சுனேன் டீச்சர். இவன ஒருக்கா கூடச் சொல்லல. இருக்காம்லா?”

படித்தவள் நான், இதற்கு நூறு பதில் சொல்லலாம். ஒன்றுகூட அவளுடைய மூன்று பிள்ளைக்கு முன்னால் நிற்காது.

சீனியம்மாள் ஒரு யோசனை கொண்டுவந்தாள். தவிட்டை இப்பவே திருப்பிக் கொடு, பிள்ளையைப் போனில் காட்டு, மீட்டு முடித்துவிடுவோம் என்றாள். சண்முகத்தாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. போனில் யாராவது பிள்ளை வாங்குவார்களா, ஆள் வேண்டாமா என்று மறுத்துவிட்டாள். பிச்சைமுத்துவைக் கேட்டேன். அவனோ, சித்தியை வற்புறுத்தாதீர்கள், இல்லையென்றால் இந்த விசாவே வேண்டாம் என்றான். வேண்டாம் என்று சொன்னவனே நேர்காணல் தேதியை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டான். அவளும் போகப் பிரியப்படாதவள் இல்லை. அந்த ஊரில் கம்பு கிடைக்குமா, அவனுக்குக் கம்பங்கூழ் பிடிக்குமே என்று என்னிடம் நாலு தடவை கேட்டிருந்தாள்.

நாள் நெருங்க நெருங்க எனக்கு உறக்கம் போயிற்று. வாய்தா கேட்கலாமா, கேட்டால் சந்தேகம் கூடுமா, அவளுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதலாமா என்று என்னென்னவோ புத்தி போயிற்று. ஒரு காலையில் காப்பி ஆறிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் தெளிவாயிற்று. அவள் என்ன சொல்வாள் என்பதை நான் மாற்ற முடியாது. அதைக் கேட்கிறவர்களுக்கு முன்கூட்டியே காரணத்தைச் சொல்ல முடியும்.

ஒத்திகையை நிறுத்தினேன். சுளகு, தவிடு, பதினோரு நாள், நாற்பது நாள் எல்லாவற்றையும் மூன்று பக்கத்துக்கு எழுதினேன். முதல் விண்ணப்பத்தில் அந்தப் பெயரை எழுதியது நான், பையன் சொல்ல வந்ததை நான் கேட்கவில்லை என்று என் தப்பையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீனியம்மாள் நோட்டரி முன்னால் தன் வாக்குமூலத்தைக் கொடுத்தாள். கடைசிப் பத்தியில், இந்தத் தாய் தன் மகனை மகன் என்று வாயால் சொல்ல அஞ்சுகிறவர், மறுப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதினேன். இப்படி ஒரு வரியை எந்த அதிகாரிக்கும் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதிகாரிகள் தாங்களாகக் கண்டுபிடிப்பதைக் குற்றம் என்பார்கள், நாமே முதலில் சொன்னால் அது விளக்கம். இந்த ஒன்றை மட்டும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மும்பைக்கு அவளோடு நானே ரயில் ஏறினேன். தொழிலில் யாரும் அப்படிப் போகமாட்டார்கள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. அவள் போனையும் பையையும் வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன். கடைசியாக அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “உங்களுக்கு எது வருதோ அதச் சொல்லுங்கக்கா” என்றேன். வரிசையில் போய் நின்றாள். அந்தப் பெரிய சுவருக்குப் பக்கத்தில் இத்தனூண்டாகத் தெரிந்தாள்.

இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தவள் நடக்கவில்லை, ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது. “போனப் போடுங்க டீச்சர், மொதல்ல போனப் போடுங்க” என்றாள். போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. நேர்காணல் அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனும் கையுமாக இருப்பேன் என்று சொன்னவன் அவன்.

ஒரு மரத்தடித் திட்டில் அவளை உட்காரவைத்தேன். உள்ளே நடந்ததை அங்கேதான் சொன்னாள். அதிகாரி சின்ன வயதுப் பெண். தமிழ் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தார். மூன்று பக்கத்தையும் அந்தப் பெண் படித்திருக்கிறாள். உங்களுக்குப் பயம் என்று எழுதியிருக்கிறது, சரி, பிச்சைமுத்து உங்களுக்கு மகன் என்று சொல்ல வேண்டாம், எனக்கு வேறு ஒன்று மட்டும் சொல்லுங்கள் என்றாளாம்.

“அப்ப அவருக்கு அம்மா யாருன்னு கேட்டுச்சு டீச்சர். நான் உசுரோட நிக்கேன், எம் முன்னாலயே அவன் தாயில்லாப் புள்ளையா நிக்கான். எனக்குப் பொறுக்கல. நாந்தான், எம் மவன்னு சொல்லிப்புட்டேன். சத்தமாச் சொல்லிப்புட்டேன். சத்தியம் பண்ணிட்டு வேற சொல்லியிருக்கேன்.”

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், சொன்னதைத் திரும்ப உள்ளே தள்ளுகிறவள் மாதிரி.

நான் போனைப் போட்டுக்கொண்டே இருந்தேன். பதினொன்றரை, பன்னிரண்டு, ஒன்று. அவன் மனைவி இங்கே பிரசவத்துக்கு வந்திருந்தாள், வீட்டில் எடுக்க வேறு ஆளில்லை. மருத்துவமனை எண்ணில் ஏதோ ஒரு குரல் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் துண்டித்தது. தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. கழுகுமலை முருகனுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டிருந்தாள். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நானும் அவளோடு சேர்ந்து முருகனைக் கூப்பிட்டேன். சொல்ல வைத்துவிட்டோமே, மேசையைத் தட்டினோமே, முப்பத்தேழு வருஷம் காத்ததை நம்முடைய மூன்று பக்கம் குலைத்துவிட்டதோ என்று உள்ளே ஒரே அடிதான்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. அவன்தான். நான் பேசாமல் அவள் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் “சித்தி” என்றது எனக்கே கேட்டது.

“எங்கலே போயிருந்த?” என்றாள். திட்டத்தான் ஆரம்பித்தாள், பாதியில் மூச்சு வாங்கியது. இரண்டு பேர் வேலைக்கு வராததால் அங்கே விடியற்காலையில், நமக்கு நடுராத்திரி, கூப்பிட்டுவிட்டார்களாம். பன்னிரண்டு மணி நேரம் அறுவை சிகிச்சை அறையில் நின்றிருக்கிறான். போன் அலமாரியில் கிடந்திருக்கிறது. சாப்பிட்டியா என்று கேட்டாள். காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே என்று கேட்டாள். ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டு என்றாள். அவன் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது. அவள் அதற்குப் பதிலே சொல்லாமல் போனை என்னிடம் நீட்டிவிட்டாள்.

“டீச்சர், விசா என்னாச்சு?” என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு மணி நேரமாக அவளோடு உட்கார்ந்திருக்கிறேன். ஆயிரம் பேரை அனுப்பிய கை இது. முடிவு என்ன என்று நான் அவளைக் கேட்கவே இல்லை. விசா கொடுத்தால் பாஸ்போர்ட்டை உள்ளேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அவள் மடியிலும் பையிலும் தேடினேன், இல்லை.

“பாஸ்போர்ட் எங்கக்கா?”

“அதா? அந்தப் புள்ள வாங்கி வச்சுக்கிட்டா” என்றாள் அவள். திட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, தமிழே தெரியாத ஒரு பெண்ணின் பக்கம் திரும்பி, என் கையிலிருந்த போனைக் காட்டினாள். “எம் மவன். டூட்டிக்குப் போயிட்டானாம்.”